நெஃபர்டிட்டி பேர் போட்ட தங்க ஸ்காரப்: உலுபுருன் கப்பல் மூழ்கின காலத்தை அது சொல்லுதா?

எகிப்துல வண்டு வடிவத்துல செஞ்ச தாயத்து தான் ஸ்காரப். அதுல ஒரு ராஜா பேர் இருந்தா போதும், அது கிடைச்ச கல்லறையோ வீடோ கப்பலோ அந்த ராஜா காலத்துதுன்னு பலபேர் முடிவே பண்ணிடுறாங்க. அப்படிப் படிக்கிறது எங்க கொண்டு போய் விடும்னும், அதே பேரைப் பொறுமையா படிச்சா எவ்வளவு விஷயம் கிடைக்கும்னும் காட்டுறதுக்கு, துருக்கி கடல்ல கிடைச்ச, எகிப்து ராஜா அக்கெனாத்தனோட ராணி நெஃபர்டிட்டி பேர் போட்ட ஸ்காரப்பை விட நல்ல கேஸ் எனக்குத் தெரிஞ்சு இல்ல. அதனால அதை முழுசா எடுத்து எழுதுறேன்.

1982 கோடையில துருக்கியோட தென்மேற்கு கரையில, காஷ்ங்கிற ஊருக்குப் பக்கத்துல இருக்குற உலுபுருன் முனையில, கடல்பஞ்சு எடுக்க இறங்கின மெஹ்மெட் சாகிர்ங்கிறவர் அடியில காது முளைச்ச உலோக பிஸ்கட் மாதிரி ஏதோ கிடக்குதுன்னு மேல வந்து சொன்னார். அவரோட கேப்டனுக்கு அது என்னன்னு உடனே புரிஞ்சிருச்சு, ஏன்னா அந்தக் கரை முழுக்க கடல்பஞ்சு எடுக்கிறவங்ககிட்ட ஆராய்ச்சியாளர்கள் ஏற்கனவே போய் படம் வரைஞ்சு காட்டி, இந்த மாதிரி ஏதாவது பார்த்தா சொல்லுங்கன்னு கேட்டு வச்சிருந்தாங்க. அது செம்புப் பாளம், நாலு மூலையும் நீட்டிக்கிட்டு விரிச்சுப் போட்ட மாட்டுத்தோல் மாதிரி இருக்கும், வெண்கலக் காலத்துல செம்பு வியாபாரம் அந்த வடிவத்துல தான் நடந்துச்சு. 1984ல ஜார்ஜ் பாஸ் தலைமையில அகழாய்வு ஆரம்பிச்சு, அடுத்த வருஷத்துல இருந்து ஜெமால் புலாக் பொறுப்பெடுத்து, 1994 வரைக்கும் வருஷா வருஷம் நடந்துச்சு. மொத்தம் 22,000 தடவைக்கு மேல ஆளுங்க இறங்கி ஏறியிருக்காங்க. கப்பல் கிடந்தது 44ல இருந்து 52 மீட்டர் ஆழத்துல, சில பொருள் சரிவுல உருண்டு இன்னும் கீழ போயிருச்சு. அந்த ஆழத்துல ஒரு தடவை இறங்கினா அடியில சுமார் 20 நிமிஷம் தான் வேலை பார்க்க முடியும், தலை வேற கிறுகிறுன்னு இருக்கும், அந்த நிலைமையில ஒவ்வொரு பொருளும் எங்க எந்த அடுக்குல எது பக்கத்துல கிடந்துச்சுன்னு அளந்து குறிச்சிருக்காங்க. இந்தக் கேஸே நிக்கிறது அந்தக் குறிப்பு மேல தான்.

சரக்கைப் பாருங்க. செம்பு மட்டும் சுமார் 10 டன், அதோட வேதியியல் சைப்ரஸ் செம்போட ஒத்துப் போகுது. வெள்ளீயம் சுமார் 1 டன். பத்துக்கு ஒண்ணுன்னு கலந்தா நல்ல வெண்கலம் வரும், அந்த விகிதத்துலயே ஏத்தியிருக்காங்க. நீலக் கண்ணாடிப் பாளங்கள், பிசின் அடைச்ச கானானிய (இன்னிக்கு இஸ்ரேல், லெபனான் கரைப் பக்கத்து) ஜாடிகள், ஆப்பிரிக்கக் கருமரக் கட்டைகள், யானைத் தந்தம், நீர்யானைப் பல்லு, நெருப்புக்கோழி முட்டை ஓடு, பால்டிக் அம்பர் மணி, கிரீஸ் பக்கத்து மைசீனியப் பானைகள். கப்பல் கட்டினது தேவதாரு மரத்துல, நீளம் 15 மீட்டர் பக்கம். இவ்வளவு பெரிய சொத்து ஒரே கப்பல்ல போயிருக்கு, ஆனா எந்த வருஷம் போச்சுன்னு சொல்ல எழுத்து ஒண்ணும் இல்ல. எழுதுறதுக்கு மெழுகு பூசுற மரப்பலகை ஒண்ணு கிடைச்சுச்சு, மடிச்சு மூடுற மாதிரி கீல் வச்ச பலகை, ஆனா மெழுகும் போயிருச்சு எழுத்தும் போயிருச்சு.

இந்தக் குவியலுக்குள்ள தான் அந்தத் தங்க ஸ்காரப். விரல் நுனியில வைக்கிற அளவு தான், முதுகுப் பக்கம் வண்டு உருவம், அடிப்பக்கம் தட்டையா எகிப்திய எழுத்து. நெஃபர்நெஃபெருவாத்தன் நெஃபர்டிட்டி, அப்படின்னு ராணியோட முழுப் பேர். நெஃபர்டிட்டி பேர்ல தங்கத்துல செஞ்ச வேற ஸ்காரப் எதுவும் தெரியாது, இது ஒண்ணு தான். செய்தி வெளிய வந்தப்ப நெஃபர்டிட்டியோட கப்பல், அக்கெனாத்தன் அரண்மனைக்குப் போன சரக்குன்னெல்லாம் எழுத ஆரம்பிச்சாங்க.

அந்தப் பேர் உண்மையில என்ன சொல்லுதுன்னு இப்ப பார்ப்போம். ஸ்காரப்னா சாணி உருட்டுற வண்டோட உருவத்துல செஞ்ச தாயத்து. சூரியனை தினமும் காலையில உருட்டிக்கிட்டு வர்ற கெப்ரி தெய்வத்தோட வடிவம் அது, அதனால மறுபடி பிறக்குறதுக்கு, நல்லபடியா நடக்குறதுக்கு காப்பு. பெரும்பாலும் மாக்கல்லுல தான் செய்வாங்க. அந்தக் கல்லு வெட்டுறப்ப மெத்துன்னு இருக்கும், செதுக்கி முடிச்சு மெருகு பூசி சூளையில வச்சா கெட்டியாயிரும். நீளவாக்குல ஒரு துளை போட்டு கயித்துல கோத்துக்கலாம், இல்ல மோதிரத்துல வச்சுக்கலாம். அடிப்பக்கம் முத்திரையாவும் வேலை செய்யும். அதுல ராஜா பேரை வெட்டினா, ராஜாவோட சக்தி காப்பா கூட வருதுன்னு நம்பிக்கை. சிக்கல் தொடங்குறதே இங்க தான். பேர் காப்புக்காக இருக்குன்னா அந்த ராஜா உயிரோட இருக்கணும்னு அவசியமே இல்லையே.

இதுக்குப் பெரிய உதாரணம் மூணாம் துட்மோஸ். அவரோட அரியணைப் பேர் மென்கெப்பெர்ரே, அந்தப் பேரை எழுதுறப்ப வண்டு குறியே வரும், வண்டு மேல வண்டு, தாயத்துக்கு இதை விட என்ன வேணும். அவர் இறந்தது கி.மு. 1425 பக்கம். ஆனா அவர் பேர் போட்ட ஸ்காரப்பை அதுக்கப்புறம் பல நூறு வருஷம் செஞ்சுக்கிட்டே இருந்திருக்காங்க. நைல் டெல்டாவுல நௌக்ராடிஸ்னு கிரேக்கர்கள் வியாபாரம் பண்ணின ஊர், அங்க ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி 1884-85ல தோண்டினப்ப ஸ்காரப் செய்யுற பட்டறையே கிடைச்சுச்சு, அச்சு அச்சா. அது கி.மு. 6ஆம் நூற்றாண்டு, அதாவது துட்மோஸ் போய் 800 வருஷத்துக்கு மேல, அந்தக் காலத்து சரக்குலயும் மென்கெப்பெர்ரே பேர் வருது. அந்தப் பேரை மட்டும் பார்த்து 15ஆம் நூற்றாண்டுன்னு எழுதிட்டா எத்தனை நூற்றாண்டு தள்ளிப் போயிரும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

இதுல ரெண்டு தனித்தனிக் கேள்வி இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கிட்டு தான் பாதி தப்பு நடக்குது. ஒண்ணு, அந்த ஸ்காரப்பை எப்ப செஞ்சாங்க. ரெண்டாவது, செஞ்சதுக்கு அப்புறம் அது எத்தனை வருஷம் கைமாறி கைமாறி இருந்துட்டு மண்ணுக்கோ கடலுக்கோ போச்சு. நம்ம வீட்டுப் பாட்டி கழுத்துல இருக்குற காசுமாலையில விக்டோரியா ராணி தலை இருக்கும், அதை வச்சு பாட்டி விக்டோரியா காலத்துல வாழ்ந்தவங்கன்னு யாராவது சொல்லுவாங்களா? அந்தக் காசை அடிச்சதுக்கு முன்னாடி அந்த மாலை இருந்திருக்க முடியாது, அவ்வளவு தான் அதுல இருந்து உறுதியா வர்றது.

நெஃபர்டிட்டி விஷயத்துல முதல் கேள்வி சுலபம், அது தான் இந்த ஸ்காரப்போட பலம். அக்கெனாத்தன் ஆண்டது சுமாரா கி.மு. 1353ல இருந்து 1336 வரைன்னு பொதுவா வச்சுக்கிறாங்க. ஆரம்பத்துல ராணி வெறும் நெஃபர்டிட்டி தான், நெஃபர்நெஃபெருவாத்தன்ங்கிற முன்பேர் ஆட்சியோட 5ஆவது வருஷத்தை ஒட்டி தான் சேருது. ஸ்காரப்ல முழுப் பேரும் இருக்கு. அப்ப அதைச் செஞ்சது கி.மு. 1348க்கு முன்னாடி இருக்க வாய்ப்பு இல்ல. கடைசிப் பக்கம் எதுன்னு பார்த்தா, தைர் அபு ஹின்னிஸ் கல் குவாரியில ஒரு கிறுக்கல் எழுத்து, 2012ல வெளிய வந்த விஷயம், அதுல ஆட்சியோட 16ஆவது வருஷத்துலயும் அவங்களைப் பட்டத்து ராணின்னு தான் குறிச்சிருக்கு. அதுக்கப்புறம் ராணியா அவங்க பேரோட தேதி போட்ட பதிவு நமக்கு வரல.

துட்மோஸ் மாதிரி இவங்க பேரை அப்புறமா யாராவது காப்புக்காக செஞ்சிருப்பாங்களான்னா, அது நடக்கவே வாய்ப்பு இல்லாத விஷயம். அக்கெனாத்தன் பழைய தெய்வங்களை ஒதுக்கி ஆத்தன்ங்கிற சூரிய வட்டத்தை முன்னால வச்சவர், அவர் போனதும் துட்டன்காமுன் காலத்துல பழைய தெய்வங்கள் திரும்பி வந்துருச்சு. அப்புறம் வந்த ராஜா ஹோரம்ஹெப் ஆத்தன் கோயில்களை இடிச்சு அந்தக் கல்லை கர்னாக் கோபுரங்களுக்கு உள்ள நிரப்பினார். அபிடோஸ் கோயில்ல பின்னால வந்த ராஜா சேத்தி செதுக்கி வச்ச ராஜா பட்டியல்ல அக்கெனாத்தன் பேரே கிடையாது. வெட்டி எடுக்கப்பட்ட குடும்பத்தோட பேரைத் தங்கத்துல யாரும் புதுசா செய்ய மாட்டாங்க. ஆக, செஞ்ச காலம் அதிகபட்சம் ஒரு பத்து பதினைஞ்சு வருஷத்துக்குள்ள அடங்குது. ராஜா பேர் ஸ்காரப்ல இவ்வளவு இறுக்கமா ஒரு ஜன்னல் கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்.

ரெண்டாவது கேள்வி தான் கஷ்டம், அதாவது கடல்ல விழுந்தது எப்ப. பேர் இதுக்கு உதவாது. பொருளோட நிலைமையும், எதுகூட கிடந்துச்சுங்கிறதும் தான் பேசணும்.

ஸ்காரப் தேய்ஞ்சிருக்கு. புதுசா பட்டறையில இருந்து வந்த மாதிரி இல்ல, கொஞ்ச காலம் புழங்கின தேய்மானம். அது கிடந்த பக்கத்துல தான் உடைசல் தங்கமும் வெள்ளியும், உளி வச்சு வெட்டின மோதிரத் துண்டு மாதிரி நகைத் துண்டுகள் எல்லாம் கிடந்துச்சு, அதாவது எடை போட்டுக் கொடுக்கவோ உருக்கவோ வச்சிருந்த பழைய தங்கம். எகிப்திய ஸ்காரப் வேலையில நல்ல அனுபவம் உள்ள ஜேம்ஸ் வைன்ஸ்டைன் இதை ஆராய்ஞ்சப்ப இந்த இடத்தைத் தான் அழுத்திச் சொன்னார். நெஃபர்டிட்டிக்கு அதிகாரம் இருந்த காலத்துல அவங்க பேர் போட்ட தங்க முத்திரை பழைய நகை மூட்டைக்கு எப்படி வரும்? அந்தப் பேருக்கு மதிப்பு போனதுக்கு அப்புறம், வெறும் தங்கமா மட்டும் அதுக்கு விலை இருந்தப்ப தான் வந்திருக்கும், அப்ப கப்பல் போனது அமர்னா காலம், அதாவது அக்கெனாத்தன் காலம், முடிஞ்சு தான்னு அவர் வாதம்.

இது நல்ல வாதம். ஆனா இது மட்டும் தான் வழின்னு நான் ஒத்துக்க மாட்டேன். கப்பல்ல இருந்த ஒருத்தர் அதைத் தாயத்தா வச்சிருந்திருக்கலாம், கானான் கரையில எகிப்து ஸ்காரப்பை அணியுறது ரொம்ப சாதாரணம், அதுல என்ன பேர் எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாதவங்க தான் பெரும்பாலும் அணிஞ்சாங்க. பேர் படிக்கத் தெரியாத ஆளுக்கு அந்த ராணி எகிப்துல செல்லாதவங்க ஆயிட்டாங்கன்னு கவலையே இல்லையே. அப்புறம், சரிவுல உடைஞ்சு சிதறின கப்பல்ல ஒண்ணு பக்கத்துல ஒண்ணு கிடந்துச்சுன்னா ஒரே பையில இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. மூணாவதா சொல்றது, எகிப்து தூதர் ஒருத்தர் அடையாளத்துக்காக கொண்டு போனதுன்னு. இது தான் ரொம்ப பலவீனமான வழின்னு நினைக்கிறேன், ஏன்னா கப்பல்ல இருந்த ஆளுங்க யாருன்னு மத்த பொருள்ல இருந்து கொஞ்சம் நல்லாவே தெரியுது, அதுல எகிப்து ஆளுக்குன்னு தெளிவான தடயம் வரல.

அது எப்படித் தெரியும்னா விளக்கைப் பாருங்க. கப்பல்ல ரெண்டு வகை எண்ணெய் விளக்கு இருந்துச்சு. சைப்ரஸ் விளக்கெல்லாம் பெரிய சாடிக்குள்ள மத்த பாத்திரங்களோட அடுக்கி வச்சிருந்தது, திரி பட்ட அடையாளமே இல்லாம புத்தம் புதுசு, அது விற்பனைக்குப் போற சரக்கு. கானானிய விளக்குல மூக்கு கருகியிருக்கு, ராத்திரி அதைத் தான் ஏத்தி வச்சிருக்காங்க. அதை வச்சு மாலுமிகளும் வியாபாரிகளும் கானான் கரைக்காரங்கன்னு புலாக் சொல்றார். மைசீனிய வாள், முத்திரை, அலங்கார மணி எல்லாம் ஜோடி ஜோடியா கிடைச்சதால கிரீஸ் பக்கத்துல இருந்து ரெண்டு பெரிய மனுஷங்க கூட வந்திருக்கலாம்னும் சொல்றார். புதுசு எது, புழங்கினது எதுன்னு அந்தக் கருகின மூக்கை வச்சுப் பார்த்த மாதிரி தான் ஸ்காரப் தேய்மானத்தையும் பார்க்கணும்.

பழைய பொருள் இந்தக் கப்பல்ல வர்றது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஹேமடைட் கல்லுல ஒரு உருளை முத்திரை கிடைச்சிருக்கு. அதை முதல்ல செதுக்கினது கி.மு. 18ஆம் நூற்றாண்டு பாபிலோன்ல, அப்புறம் 14ஆம் நூற்றாண்டுல அசீரிய பாணியில அதே கல்லு மேல மறுபடி செதுக்கியிருக்காங்க, பழைய உருவத்தோட மிச்சம் இன்னும் தெரியுது. அதோட முதல் வேலைப்பாட்டை மட்டும் பார்த்து கப்பலுக்குத் தேதி போட்டா 400 வருஷம் தப்பு வரும். அந்த முத்திரையை ஒத்துக்குறவங்க நெஃபர்டிட்டி ஸ்காரப்புக்கு மட்டும் வேற நியாயம் வைக்க முடியாது.

கப்பலுக்கு வெளிய பார்த்தாலும் அதே கதை தான். மூணாம் அமென்ஹோதெப்போட மனைவி தீயே, அக்கெனாத்தனோட அம்மா, அவங்க பேர் போட்ட ஸ்காரப் கிரீஸ்ல மைசீனி கோயில் பகுதியில கிடைச்சுச்சு, ஆனா அது கிடந்த அடுக்கு 13ஆம் நூற்றாண்டு. ராணி வாழ்ந்தது 14ஆம் நூற்றாண்டு. நடுவுல எத்தனை கை மாறுச்சோ.

எதிர்ப்பக்கமும் சொல்லிடணும், இல்லன்னா ராஜா பேர் எதுக்குமே ஆகாதுன்னு ஆயிரும், அது நியாயம் இல்ல. இத்தாலியில இஸ்கியா தீவு, கிரேக்கர்கள் வந்து குடியேறின பித்தெக்கூசை. ஜியார்ஜியோ புக்னர் 1952ல இருந்து அந்தக் கல்லறைகளைத் தோண்டினார். 325ஆம் நம்பர் கல்லறை ஒரு குழந்தையோடது, அதுல ஃபாயன்ஸ், அதாவது மெருகு பூசின பீங்கான் மாதிரிப் பொருள்ல செஞ்ச ஸ்காரப் ஒண்ணு, மேல இருக்குற பேர் பொக்கோரிஸ். இவர் சாயிஸ்ல இருந்து ஆண்ட 24ஆவது வம்சத்து ராஜா, மனேதோங்கிற பழங்கால எகிப்து வரலாற்றாசிரியர் கணக்குல 6 வருஷம் தான் ஆண்டார், சுமாரா கி.மு. 720ல இருந்து 715க்குள்ள. துட்மோஸ் மாதிரி பேர் பெத்தவர் இல்ல, அப்புறம் வந்தவங்க அவர் பேரைத் தேடிப்பிடிச்சு தாயத்து செய்ய பெருசா காரணம் இல்ல. அதனால செஞ்ச காலம் குறுகுது. குழந்தைக் கல்லறைங்கிறதால ரொம்ப நாள் போட்டுத் தேய்ஞ்சதுங்கிற வாதமும் கொஞ்சம் குறையுது, ஆனா முழுசா போயிராது, ஏன்னா குழந்தைக்குக் கட்டுற காப்பு வீட்டுல இருந்த பழசாவும் இருக்கலாம். கூட இருந்த கொரிந்து பாணிப் பானைக்குத் தேதி போட அந்த ஸ்காரப்பை ஒரு முக்கியமான பிடியா வச்சுக்கிட்டாங்க, அதுக்கு மேல சர்ச்சையும் நடந்துச்சு. இங்கயும் அது சொல்றது கல்லறை கி.மு. 720க்கு முந்தினது இல்லன்னு தான்.

உலுபுருனுக்குத் திரும்ப வர்றேன். இதுல இவ்வளவு மெனக்கெடுறது எதுக்குன்னா, அந்தக் கப்பல்ல வந்த மைசீனியப் பானைகளுக்காக. கிரீஸ்ல பானை பாணியை வச்சு காலத்தைப் பிரிக்கிறாங்க, ஆனா அந்தப் பாணிக்கு வருஷம் போடணும்னா எகிப்து கணக்கைத் தான் பிடிக்கணும், ஏன்னா ராஜாக்கள் வரிசை அங்க இருக்கு. ஒரே கப்பல்ல ஒரு நெஃபர்டிட்டி பேரும் அந்தப் பாணிப் பானையும் சேர்ந்து கிடைச்சா அது பெரிய பாலம். பாலத்தை ஒரு பக்கம் தப்பா கட்டினா கிரீஸ்ல இருக்குற எத்தனையோ ஊர்களோட தேதி கூடவே நகரும்.

மரத்துல இருந்தும் தேதி எடுக்கப் பார்த்தாங்க. 1990கள்ல கப்பல்ல இருந்த ஒரு மரத்துண்டோட வளையத்தை எண்ணி கி.மு. 1305ன்னு ஒரு வருஷம் வெளியாச்சு, ரொம்ப காலம் அது புத்தகம் புத்தகமா திரும்பத் திரும்ப வந்துச்சு. அப்புறம் அந்த வளையப் பொருத்தம் நிக்காதுன்னு கைவிட்டாங்க. இன்னும் பல இடத்துல 1305ன்னு உறுதியா எழுதிக்கிட்டு இருக்காங்க, அதை அப்படியே எடுத்துக்காதீங்க. இப்ப கையில இருக்குறது ரேடியோகார்பன். கப்பல் மரத்தோட, பாளத்துக்கு அடியில மெத்தை மாதிரி பரப்பி வச்ச முள்ளுச் சுள்ளி மாதிரி சீக்கிரம் வளர்ந்து வெட்டின செடிகளையும் சேர்த்து அளந்து பார்த்தா கி.மு. 1320ஐ ஒட்டி வருது, முன்ன பின்ன கொஞ்சம் இடம் விட்டுத் தான் சொல்லணும். பெரிய மரத்தை விட சுள்ளி இந்த வேலைக்கு நல்லது, சுள்ளியை வெட்டி யாரும் நூறு வருஷம் எடுத்து வைக்க மாட்டாங்க.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஸ்காரப்பைச் செஞ்சது கி.மு. 1348க்கு அப்புறம், ராணி பட்டத்துல இருந்த வரைக்கும், அதாவது 1330களோட முதல் பாதிக்குள்ள. கப்பல் போனது 1320 பக்கம். நடுவுல ஒரு பதினைஞ்சுல இருந்து முப்பது வருஷம். வண்டு முதுகு தேயுறதுக்கு அந்தக் காலம் போதும், எகிப்துல ஆட்சி மாறி அந்தப் பேர் செல்லாம போறதுக்கும் போதும். வைன்ஸ்டைன் சொன்ன மாதிரி அமர்னா காலம் முடிஞ்சு தான் கப்பல் கிளம்புச்சுங்கிறது சுள்ளி கணக்கோட ஒத்துப் போகுது. பழைய தங்கமா போச்சா, யார் கழுத்துலயோ காப்பா போச்சாங்கிறதைத் தேதியை வச்சுத் தீர்க்க முடியாது. என் அபிப்பிராயம் கேட்டா பழைய தங்கம் பக்கம் தான் சாய்வேன், ஏன்னா வெட்டின மோதிரத் துண்டு அவ்வளவு கிட்ட கிடந்துச்சு. ஆனா அப்படி சாயுறதுக்குக் கூட, தலை கிறுகிறுக்குற ஆழத்துல நின்னு அந்தத் துண்டு எத்தனை தூரத்துல கிடந்துச்சுன்னு ஒருத்தர் அளந்து எழுதி வச்சதால தான் முடியுது. இதே ஸ்காரப் ஏதோ ஒரு ஏலத்துல, எங்க கிடைச்சுதுன்னு தெரியாம, வெல்வெட் பெட்டியில வந்திருந்தா, நெஃபர்டிட்டி பேர் போட்ட தங்க வண்டுங்கிறதுக்கு மேல ஒரு வரி எழுத நமக்கு எதுவும் இருந்திருக்காது.